அழுத்தம் எங்கே தொலைகிறது?

இரவு பத்து மணிக்கு மேல் அக்கா மகள் அழைத்தாள். கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மறுநாள் காலை பன்னிரண்டு பக்கச் சித்திரக்கதை ஒன்றைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும்.

"மாமா, பேனா ஓடுது. கர்சர் பின்னாடியே வருது. ஆனா கோட்டுல உயிரே இல்ல. எவ்ளோ அழுத்தினாலும் ஒரே தடிமன்தான். கம்பிய நீட்டி வச்ச மாதிரி இருக்கு."

மதியம் வரை ஒழுங்காக வேலை செய்த பென் டேப்லெட். நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டேன். தோழியுடைய பெரிய டேப்லெட்டை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தாளாம். அது வேறு கம்பெனி. அதற்கென்று ஒரு டிரைவர் போட்டாளாம். டேப்லெட் தோழியிடம் திரும்பிப் போய்விட்டது, டிரைவர் மட்டும் இவள் கணினியிலேயே தங்கிவிட்டது.

"பேனா போயிடுச்சா மாமா? புதுசு வாங்கணுமா?"

2020 ஊரடங்கில் கணக்குப் பாடம் எடுப்பதற்காக அவசரமாக இதுபோன்ற பேனாப் பலகையை வாங்கிய ஆசிரிய நண்பர்கள் என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். வேலை செய்யவில்லை என்றதும் முதல் சந்தேகம் பேனா மேல் விழுகிறது, அடுத்தது பலகை மேல். சிலர் தங்கள் கையையே சந்தேகிக்கிறார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். நான் பார்த்த வரையில் பேனாவோ பலகையோ உண்மையிலேயே கெட்டுப்போனது அபூர்வம். விரல் கொடுத்த அழுத்தம் பேனாவிலிருந்து புறப்பட்டுத் திரையில் கோடாக விழுவதற்குள் நாலைந்து கைகள் மாறுகிறது. அதில் ஏதோ ஒரு கை அதை நழுவவிட்டிருக்கும். எந்தக் கை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் கருப்புத் தட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். அதில் குறுக்கும் நெடுக்குமாகச் செம்புச் சுருள்கள், கோரைப்பாய்ப் பின்னல்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்திருக்கும். இப்போது விற்கும் பெரும்பாலான பேனாக்களில் பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. உள்ளே ஒரு சிறிய ஃபெர்ரைட் உருளை, அதன்மேல் சுற்றிய செம்புக் கம்பி, ஒரு மின்தேக்கி. தனக்கென்று துளி மின்சாரமும் இல்லாத இந்தப் பேனா, தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுந்துகிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பலகைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

எப்படிச் சொல்கிறது? சுருதி சேர்த்த தம்பூராவை ஓர் அறையில் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அதே ஷட்ஜத்தை அழுத்தமாகப் பாடிப் பாருங்கள். யாரும் தொடாமலே தந்தி அதிரும். பாட்டை நிறுத்திய பிறகும் ஒரு கணம் அதன் ரீங்காரம் காதில் விழும். பலகை செய்வதும் இதுதான். தன் சுருள் ஒன்றில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்னோட்டத்தை ஒரு நொடிப்பொழுதின் மிகச்சிறிய துணுக்குக்கு ஓடவிடுகிறது. பேனாவுக்குள் இருக்கும் சுருளும் மின்தேக்கியும் அந்த அதிர்வெண்ணுக்கே சுருதி சேர்க்கப்பட்டவை. அவை அதிரத் தொடங்குகின்றன. உடனே பலகை பாட்டை நிறுத்திக் காது கொடுக்கிறது. பாடிய அதே சுருள்தான் இப்போது காது. பேனாவின் ரீங்காரம் அதில் விழுகிறது. இதற்கு மின்காந்த ஒத்ததிர்வு என்று பெயர்.

பேனாவுக்கு நேர் கீழே உள்ள சுருளில் ரீங்காரம் பலமாகக் கேட்கும், தள்ளியிருக்கும் சுருள்களில் தேய்ந்து கேட்கும். பக்கத்துப் பக்கத்துச் சுருள்களின் பலத்தை ஒப்பிட்டு, இரண்டு சுருள்களுக்கு நடுவில் பேனா எங்கே நிற்கிறது என்பதைப் பலகை கணக்குப் போட்டுவிடும். அங்குலத்துக்கு 5080 கோடு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது இந்தக் கணக்கின் நுட்பத்தைத்தான். மில்லிமீட்டருக்கு 200, அதாவது 0.005 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பலகைக்குத் தெரியும்.

அழுத்தம் வரும் வழி இன்னும் அழகு. நிப் அழுந்தும்போது பேனாவுக்குள் மின்தேக்கியின் அளவு கொஞ்சம் மாறுகிறது. சில வகைப் பேனாக்களில் ஃபெர்ரைட் துண்டு மயிரிழை நகர்கிறது. இரண்டில் எதுவானாலும் பேனாவின் சுருதி லேசாக விலகும். பலகை அந்த விலகலை அளந்து, இவ்வளவு அழுத்தம் என்று முடிவு செய்கிறது. பக்கவாட்டுப் பட்டனைத் தட்டினால் இன்னொரு மின்தேக்கி சேர்ந்துகொள்ளும், சுருதி வேறோர் இடத்துக்குத் தாவும். பேனா சாய்ந்தால் சுற்றியுள்ள சுருள்களில் விழும் அலையின் வடிவம் ஒரு பக்கமாகச் சரியும். ஓவியர் அழுத்தம் என்று நினைத்துக் கொடுப்பது பலகையிடம் சுருதியாகப் போய்ச் சேர்கிறது. இரும்பு மேசைமேல் பலகையை வைத்தாலோ, பக்கத்தில் காந்தமோ ஸ்பீக்கரோ இருந்தாலோ கோடு நடுங்கக்கூடும். கை நடுக்கம் என்று நினைத்துக் கவலைப்பட்ட ஒருவருக்குப் பலகையை மரப்பலகைமேல் மாற்றி வைக்கச் சொன்னேன். நடுக்கம் நின்றது.

கையெழுத்தை மின்சாரத்தில் அனுப்பும் ஆசை பழையது. அமெரிக்காவின் எலிஷா கிரே, ஓர் ஊரில் எழுதும் பேனாவின் அசைவை இன்னோர் ஊரில் இருக்கும் பேனா அப்படியே திருப்பி எழுதும் கருவிக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். கணினிக்கென்று உருவான பலகைகளில் பெயர்பெற்றது 1964-இல் கலிஃபோர்னியாவின் ராண்ட் நிறுவனத்தில் டேவிஸ், எல்லிஸ் என்ற இருவர் செய்தது. பத்து அங்குலச் சதுரம், அங்குலத்துக்கு 100 கோடு, ஆக மொத்தம் சுமார் பத்து லட்சம் புள்ளிகள். அதன் பேனா வயரில் கட்டியது. அழுத்தினாயா இல்லையா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் திரைமேலேயே ஒளிப்பேனாவால் வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளைச் செய்து காட்டியிருந்தார். ராண்ட் பலகை கையைத் திரையிலிருந்து இறக்கி மேசைக்குக் கொண்டுவந்தது. கண் ஓரிடத்தில், கை ஓரிடத்தில் என்று ஆனது.

வயரையும் பேட்டரியையும் பேனாவிலிருந்து கழற்றி எறிந்த பெருமையில் பெரும்பங்கு, 1983-இல் ஜப்பானின் சைத்தாமா பகுதியில் தொடங்கிய வாக்காம் நிறுவனத்துக்கு உண்டு. ஜப்பானிய மொழியில் 'வா' என்றால் இசைவு, 'காம்' கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. மனிதனும் கணினியும் இசைவது என்ற பொருளில் வைத்த பெயர். 1998-இல் வந்த அவர்களுடைய இன்டுவோஸ் 1024 அழுத்தப் படிகளை உணர்ந்தது. 2009-இல் அது 2048 ஆனது, 2017-இல் 8192. கடைக்காரர் முதலில் காட்டுவது இந்த எண்ணைத்தான். என் அனுபவத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் கைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கோட்டை உயர்த்துவது வேறோர் அளவு: நிப் எத்தனை லேசாகத் தொட்டதும் முதல் மை விழுகிறது என்பது. இறகு வருடுவதுபோல் தொட்டால் கோடு பிறக்க வேண்டும். நல்ல பேனாக்கள் சில கிராம் எடையிலேயே விழித்துக்கொள்ளும். பலகை வாங்கப் போகிறவர்கள் 8192-ஐ விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

இனி செய்தி யூஎஸ்பி கேபிளில் ஏறுகிறது. நொடிக்கு 200 முறையோ அதற்கு மேலோ பலகை ஒரு சிறு பொட்டலத்தைக் கணினிக்கு அனுப்புகிறது. பொட்டலத்துக்குள் எட்டோ பத்தோ பைட்டுகள். கிடைமட்ட இடம், செங்குத்து இடம், அழுத்தம், சாய்வு, பட்டன் நிலை என்று வரிசையாக எண்கள், வேறொன்றும் இல்லை. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பலகை செருகப்பட்டவுடன் தன்னைப் பற்றி ஓர் அறிமுகக் குறிப்பு கொடுக்க வேண்டும் என்பது யூஎஸ்பி உலகத்தின் சட்டம். 'நான் ஒரு பேனாப் பலகை. முதல் இரண்டு பைட் இடம், அதன் உச்சம் 50,800. இன்னொரு இரண்டு பைட் அழுத்தம், அதன் உச்சம் 8191' என்கிற பாணியில் இருக்கும் அந்தக் குறிப்பு. பேனா முனை, அழுத்தம், சாய்வு, அழிப்பான் என ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட குறியெண் உண்டு. இந்தக் குறிப்பு முழுமையாகவும் உண்மையாகவும் இருந்தால், தனியாக எந்த டிரைவரும் இல்லாமலே பேனா வேலை செய்ய முடியும்.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. விலை குறைந்த பல பலகைகள் செருகியவுடன் முழு உண்மையைச் சொல்வதில்லை. எந்தக் கணினியில் செருகினாலும் குறைந்தபட்சம் கர்சராவது நகர வேண்டும் என்பதற்காக, மௌஸைப் போலவோ அரைகுறைப் பேனாவைப் போலவோ அறிமுகம் செய்துகொள்கின்றன. கம்பெனியின் டிரைவர் வந்து ஒரு மந்திரச் சொல்லைச் சொன்ன பிறகுதான் முழு நுட்பத்தோடு பேசத் தொடங்கும். யூசி-லாஜிக் என்ற நிறுவனத்தின் சில்லைக் கொண்ட பலகைகளிலும், ஹுயான் போன்ற பெயர்களில் வந்த பல பலகைகளிலும் அந்த மந்திரம் வேடிக்கையானது. யூஎஸ்பி கருவிகளில் பொதுவாகத் தயாரிப்பாளர் பெயர், மாடல் பெயர் போன்றவை எண்ணிட்ட வரிகளாகச் சேமித்திருக்கும். இந்தப் பலகைகளிடம் 100-ஆவது வரியையோ, பிந்தைய மாடல்களானால் 200-ஆவது வரியையோ கேட்க வேண்டும். அந்த வரியில் பலகையின் அகல உயர விவரங்கள் இருக்கின்றன. அதைக் கேட்ட மாத்திரத்தில் பலகை வேஷத்தைக் கலைத்து முழுப் பேனாப் பலகையாக மாறிவிடும். கதவைத் தட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி.

மௌஸ் வேஷத்திலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? பத்து அங்குல அகலத்தில் 50,800 இடங்களைப் பிரித்தறியும் பலகை, 1920 புள்ளிகள் கொண்ட திரைக்குள் மடங்கிவிடும். 26 நுண்ணிய இடங்கள் ஒரே புள்ளியாகச் சேரும். மெதுவாக இழுத்த சாய்கோடு படிக்கட்டாக வரும். வேகமாகப் போட்ட வட்டம் பலகோணமாக உடையும். கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால், நொடிக்கு 200 பொட்டலம் அனுப்பும் பலகையிலேயே அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. மௌஸ் அசைவுச் செய்திகளையோ, மென்பொருள் தாமதமாகக் கேட்டால் விண்டோஸ் ஒன்றாகச் சேர்த்துவிடும். நடுப்புள்ளிகள் காணாமல் போகும். ஆகவே வட்டம் பலகோணமானால் பேனாவைத் திட்ட வேண்டாம். உங்கள் மென்பொருள் பேனாவை மௌஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது டிரைவருக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் சென்னையில் துபாஷி என்ற பதவி இருந்தது. இரண்டு மொழி தெரிந்தவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசுவார். டிரைவர் அப்படி ஒரு துபாஷி. பலகை சொல்லும் எண்களை வாங்கி, வரையும் மென்பொருளுக்குப் புரியும் மொழியில் சொல்கிறது. விண்டோஸில் இந்தத் துபாஷிக்கு இரண்டு மொழிகள் தெரிந்திருக்க வேண்டியிருப்பதுதான் நெடுநாள் வழக்கின் மூலம்.

ஒன்று, 1990-களின் தொடக்கத்தில் பிறந்த விண்டேப். விண்டோஸுக்குப் பேனா என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், எல்லாக் கம்பெனிப் பலகைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வகுத்த முறை. இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் 2002-இல் டேப்லெட் பிசி என்ற பெயரில் தொடங்கி, 2012-இல் விண்டோஸ் 8-இல் மாற்றியமைத்து, இன்று விண்டோஸ் இங்க் என்று அழைக்கும் முறை. பழைய ஓவிய மென்பொருள்கள் விண்டேப்பில் பேசி வளர்ந்தவை. புதியவை இங்க்கை எதிர்பார்க்கின்றன. சில இரண்டையும் பேசும். கிரிட்டாவிலும் கிளிப் ஸ்டுடியோ பெயிண்டிலும் எந்த மொழி வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்க செட்டிங்கில் இடம் உண்டு. ஃபோட்டோஷாப் இங்க்கைத்தான் முதலில் நாடும். அதை விண்டேப்புக்குத் திருப்ப, அதன் செட்டிங்ஸ் ஃபோல்டரில் பிஎஸ்யூசர்கான்ஃபிக் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பை வைத்து, 'யூஸ்சிஸ்டம்ஸ்டைலஸ் 0' என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். ஓவியம் கற்க வந்த பிள்ளை இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதை நான் ஒருபோதும் நியாயம் என்று ஏற்கமாட்டேன். ஆனாலும் இன்றைக்கு நிலைமை அதுதான்.

விண்டேப்பின் அமைப்பில் ஒரு பழைய முடிச்சு இருக்கிறது. மென்பொருள் அழைக்கும் கோப்பின் பெயர் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே: விண்டேப்32. விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் அந்தப் பெயரில் ஒரே ஒரு கோப்புக்குத்தான் இடம். அந்தக் கோப்பை எழுதித் தருவது மைக்ரோசாஃப்ட் அல்ல, பலகை விற்கும் கம்பெனி. இரண்டாவது கம்பெனியின் டிரைவர் வந்தால், முந்தைய கோப்பின் மேலேயே தன் கோப்பை வைத்துவிடும். அப்புறம் ஓவிய மென்பொருள் விண்டேப்பைக் கூப்பிடும்போது பதில் சொல்வது ஊரில் இல்லாத பலகையின் துபாஷி. அதற்கு இந்தப் பலகையைத் தெரியாது. அழுத்தம் வராது. கர்சர் மட்டும் வேறு வழியாக, மௌஸ் வழியாக, ஓடிக்கொண்டிருக்கும்.

அன்றிரவு அக்கா மகளுக்கு நடந்தது அதுவே. முதலில் அவளுடைய டிரைவரின் பேனலைத் திறந்து அழுத்தப் பட்டையைப் பார்க்கச் சொன்னேன்.

"பேனாவ அழுத்திப் பாரும்மா. பட்டை ஏறுதா?"

"ஏறுது மாமா! முழுசா ஏறுது."

பேனா நல்லாயிருக்கிறது, பலகை நல்லாயிருக்கிறது, கேபிள் நல்லாயிருக்கிறது என்பதற்கு அந்த ஒரு பட்டை போதும். தொலைந்த இடம் அதற்கு அப்பால். அவள் வரையும் மென்பொருளில் டேப்லெட் செட்டிங்கை விண்டேப்பிலிருந்து இங்க்குக்கு மாற்றி, மூடித் திறக்கச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வந்திருச்சு" என்று மட்டும் சொன்னாள். குரல் உடைந்திருந்தது. ஒப்படைத்து முடித்த பிறகு, மறுநாள் சாவகாசமாக இரண்டு டிரைவர்களையும் நீக்கி, எஞ்சி நின்ற விண்டேப்32 கோப்பின் பெயரை மாற்றி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, அவளுடைய டிரைவரை மட்டும் புதிதாகப் போட்டோம். 'எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு, திரும்பப் போடு' என்று ஊரில் எல்லோரும் சொல்லும் கைவைத்தியம் பல நேரம் பலிப்பதற்கு இதுதான் காரணம். இரண்டு துபாஷிகளில் ஒருவரை வெளியேற்றுகிறோம்.

வேறு சில சின்ன உபாதைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கோட்டின் தொடக்கமும் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு, பேனாவைச் சுற்றி ஒரு வளையம் தோன்றுகிறதா? அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்ற விண்டோஸ் வசதி விழித்திருக்கிறது. நீ கோடு போடுகிறாயா, பிடித்துக்கொண்டிருக்கிறாயா என்று அது காத்துப் பார்க்கிறது. அதை நிறுத்திவிடலாம். வட்டம் போட்டால் முட்டையாக வருகிறதா? 16-க்கு 10 என்ற விகிதத்தில் இருக்கும் பலகை, 16-க்கு 9 திரைமேல் அப்படியே நீட்டப்பட்டிருக்கிறது. டிரைவரில் விகிதத்தைக் காக்கும் தேர்வை இயக்கினால் பலகையின் ஓரத்தில் ஒரு பட்டை வீணாகும், வட்டம் வட்டமாகும். அழுத்தப் பட்டை ஏறுகிறது, இங்க் இருக்கிறது, ஆனாலும் தடிமன் மாறவில்லை என்றால் பிரஷ்ஷைப் பாருங்கள். அழுத்தத்துக்குச் செவிசாய்க்காத பிரஷ்ஷும் உண்டு. ஃபோட்டோஷாப்பில் பிரஷ் அமைப்பில் பேனா அழுத்தம் என்பதற்குப் பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம் நின்றால், செய்தி மென்பொருள் வரை வரவில்லை என்று பொருள். கிரிட்டாவுக்குள் பேனாவைச் சோதித்துப் பார்க்கவென்றே ஒரு பக்கம் இருக்கிறது.

மேக்கில் வழக்கு வேறு. அங்கே துபாஷிக்கு வாசலில் அனுமதிச் சீட்டு வேண்டும். 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து அணுகல் வசதி அனுமதி, 2019-இன் கேட்டலினாவிலிருந்து உள்ளீட்டைக் கவனிக்கும் அனுமதி. கீபோர்டில் தட்டுவதை எந்த நிரலும் ஒளிந்து கேட்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த காவல். கர்சர் நகரும், தட்டினால் எதுவும் நடக்காது என்றால், செட்டிங்ஸில் அந்த இரண்டு அனுமதிகளையும் எடுத்துவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

எனக்கு மனசுக்கு நெருக்கமான கதை லினக்ஸில் நடந்தது. நான் முன்பு சொன்ன அந்த 200-ஆவது வரி ரகசியத்தைப் பலகைக் கம்பெனிகள் எந்த ஆவணத்திலும் எழுதிவைக்கவில்லை. விண்டோஸ் டிரைவர் பலகையோடு பேசும்போது யூஎஸ்பி கேபிளில் போய்வரும் எண்களைப் பதிவு செய்து, பைட் பைட்டாகப் பிரித்துப் படித்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். நிகோலாய் கொண்ட்ராஷோவ் முன்னெடுத்த டிஜிமெண்ட் என்ற திட்டத்தில் இந்த வேலை ஆண்டுக்கணக்காக நடந்தது. பலர் தங்கள் வீட்டுப் பலகையின் அறிமுகக் குறிப்பை நகலெடுத்து அனுப்பினார்கள். அந்த உழைப்பு இன்று லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பலகைகளில் ஒன்றைச் செருகினால் எதையும் நிறுவாமலே பேனா பேனாவாகவே வரும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ஓப்பன் டேப்லெட் டிரைவர் என்ற திறந்த மென்பொருளும் இதே வழியில் வந்தது. தாளத்துக்கு ஏற்ப வட்டங்களைத் தட்டும் ஓசு என்ற விளையாட்டை ஆடுபவர்களிடம் அது மிகவும் பிரபலம். மில்லிநொடித் தாமதத்தைக்கூட அவர்கள் பொறுப்பதில்லை.

2023 நவம்பரில் ஒன்று நடந்தது. டேவிட் ரெவ்வா பிரான்ஸைச் சேர்ந்த ஓவியர். பெப்பர் அண்ட் கேரட் என்ற சித்திரக்கதையை முழுக்கத் திறந்த மென்பொருள்களிலேயே வரைபவர். ஒருநாள் கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு அவருடைய பேனாவின் மேல்பட்டன் ரைட் கிளிக் செய்வதை நிறுத்தி, அழிப்பானாக மாறிவிட்டது. எந்தச் செட்டிங்கிலும் அதைத் திருப்ப முடியவில்லை. காரணம் வெகுநாளாக உள்ளே கிடந்தது. அந்தப் பட்டன் எப்போதுமே தன்னை அழிப்பான் என்றுதான் அறிமுகம் செய்துகொண்டிருந்தது. பழைய கெர்னல் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாததால்தான் ஓவியருக்கு வசதியாக இருந்தது. புதிய திருத்தம், விதிப்படி, பேனா சொன்னதை நம்பிவிட்டது. யார்மேல் பிழை? விதியைப் பின்பற்றியவர் மேலும் இல்லை, பழகிய பட்டனைக் கேட்பவர் மேலும் இல்லை.

கெர்னலில் உள்ளீட்டுக் கருவிகளின் பகுதியைப் பராமரிக்கும் பெஞ்சமின் தீசுவார், ரெவ்வாவோடு நேரடியாகப் பேசி இதைத் தீர்த்தார். அவர் உருவாக்கி அந்த ஆண்டு ஏப்ரலில் கெர்னல் 6.3-இல் சேர்ந்திருந்த எச்ஐடி-பிபிஎஃப் என்ற வசதி கைகொடுத்தது. முன்பெல்லாம் ஒரு பலகையின் தவறான அறிமுகத்தைத் திருத்த வேண்டுமானால் கெர்னலின் மூல நிரலை மாற்றி, மறுபடி தொகுத்து, பயனரிடம் அது வந்துசேர மாதங்கள் காத்திருக்க வேண்டும். இப்போது சில டஜன் வரிகளில் ஒரு சிறுநிரலை எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் வாசலிலேயே நிறுத்திவிடலாம். பலகை கொடுக்கும் குறிப்பை அது வாங்கி, 'அழிப்பான்' என்ற சொல்லை அடித்து 'இரண்டாம் பட்டன்' என்று எழுதி உள்ளே அனுப்பும். ஓவியர் தன் பட்டனைத் திரும்பப் பெற்றார். கெர்னல் எழுதுகிறவர் ஓர் ஓவியரின் கட்டைவிரல் எங்கே பழகியிருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

பழைய பலகைகளுக்கு இதனால் உயிர் நீள்கிறது. செம்புச் சுருளுக்கு வயதாவதில்லை. பேனாவில் தீர்ந்துபோக பேட்டரி இல்லை. புதிய விண்டோஸுக்கோ மேக்குக்கோ டிரைவர் இனி இல்லை என்று விற்றவர் கைவிட்ட அன்றைக்கு, நல்ல நிலையில் உள்ள பலகை குப்பைக்குப் போகிறது. விற்பனையை நிறுத்தும்போது பலகையின் பேச்சுமுறையை நாலு பக்க ஆவணமாக வெளியிட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்கலாம். அது தயாரிப்பாளர்களுக்குப் பெரிய செலவல்ல. 1990-களில் கணினியின் ஒன்பது முள் சீரியல் போர்ட்டில் செருகிய பலகைகளுக்கான டிரைவர் ஒன்று, 2014-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்டது. அந்தப் பலகைகளின் பேச்சுமுறை தெரிந்திருந்ததால் அது முடிந்தது.

அப்படிப்பட்ட ஒன்பது முள் பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது. போன தீபாவளிக்கு அக்கா மகள் வீட்டுக்கு வந்தபோது அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து, சீரியலை யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் போட்டு, லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு கட்டளை கொடுத்து எழுப்பினேன். அவள் பிறப்பதற்கு முன்னால் செய்த பலகை. பேனாவை லேசாகத் தொட்டு, நடுவில் அழுத்தி, மெல்ல எடுத்தாள். ஊசிமுனையில் தொடங்கிப் புடைத்து மறுபடி ஊசிமுனையில் முடிந்தது கோடு. பேனாவைத் தலைகீழாகத் திருப்பி அழித்துப் பார்த்தாள். அதுவும் அழித்தது. அப்புறம் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, நிப்பு ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. இதுக்கு நிப்பு எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.